நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர் மிஸ். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், கதிரை இரண்டு. ஒன்றில் பவித்ரா. மற்றதில் அவளுடைய அம்மா லெச்சுமி அத்தையும் நானும் ஆளுக்குப் பாதி. அத்தையின் குடையிலிருந்து வழிந்த தண்ணீர் என் செருப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. காலை நகர்த்த இடமில்லை.

கதவுக்கு மேலே மனநல கிளினிக் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. உள்ளே பேச்சு ஒரு மொழியில்தான். மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. அதற்காகத்தான் என்னைக் கூட்டி வந்திருந்தார்கள். கெம்பஸ் பிள்ளை, சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும் என்று எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் முழுக்க, எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் கொஞ்சம் ரசித்துக்கொண்டும் இருந்தேன். பொய் சொல்வானேன்.

பவித்ராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. லயத்தில் எங்களிலிருந்து நான்காவது வீடு. கோயில் திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவள். ஜெனரேட்டர் நின்று மைக் செத்தாலும் அவள் குரல் கீழ் டிவிஷன் வரை கேட்கும். ஏ.எல். பரீட்சை சரிவரவில்லை. கொழும்பில் ஒரு சாரிக் கடைக்கு வேலைக்குப் போனாள். நான்கு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மிஸ் சிங்களத்தில் கேட்டார், மெதுவாக, அவள் முகத்தைப் பார்த்து: "மகள், உயிரோட இருக்கவே வேண்டாம்னு எப்பவாவது நினைப்பு வருதா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே பவித்ரா பதில் சொன்னாள். தமிழில். மேசையைப் பார்த்துக்கொண்டு.

"சில நாளைக்கு அப்படியே எந்திரிக்காம போயிட்டா நல்லம்னு இருக்கு. அப்புறம் யாருக்கும் கரைச்சல் இல்லதானே. அம்மாவுக்கும் லேசாயிரும்."

லெச்சுமி அத்தையின் கை என் முழங்காலைப் பிடித்தது. இருபது வருடமாக றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கை. வலித்தது.

நான் மிஸ்ஸைப் பார்த்து, நல்ல கெம்பஸ் சிங்களத்தில், தெளிவாகச் சொன்னேன்: "நித்திரை இல்லையாம் மிஸ். சாப்பாடு இறங்குவதில்லை. கெஸ்ட்ரைட்டிஸ் இருக்கிறது. ஏ.எல். ரிசல்ட்டை நினைத்துக் கொஞ்சம் யோசனை."

மிஸ்ஸின் பேனை நின்றது. "அவ்வளவுதானா சொன்னா?"

"ஓவ் மிஸ்," என்றேன். ஆமாம் மிஸ்.

எல்லாவற்றுக்கும் ஒரே நோய்

போன கிழமை இந்தப் பத்தியில் ஹொஸ்டல் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. அதை வாசித்துவிட்டு என் தங்கச்சி, "எல்லா வாரமும் நீதான் ஹீரோயின். ஓவர் பில்டப்" என்றாள். சரி. இந்த வாரம் வில்லி நான்தான். சந்தோஷமா?

கெஸ்ட்ரைட்டிஸ் என்று நான் சொன்னது சும்மா வாயில் வந்ததில்லை. எங்கள் பக்கத்தில் அது ஒரு பரம்பரைச் சொத்து. தெஹியோவிட்ட பக்கத்துத் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போய் "ஏன் இவ இப்படி இருக்கா?" என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

கல்யாணம் முடித்து மூன்றாம் மாதம் அழுதுகொண்டே திரும்பி வந்த ஒரு அக்கா. கெஸ்ட்ரைட்டிஸ். கட்டாரிலிருந்து வந்து ஒரு வருடம் வாசலைத் தாண்டாத ஒரு அண்ணன். கெஸ்ட்ரைட்டிஸ். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த சித்தி. அதுவும் கெஸ்ட்ரைட்டிஸ்தான், கூடவே கொஞ்சம் பார்வை பட்டிருக்கிறது என்று ஒரு நூலும் கட்டினார்கள்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. வயிற்று நோய் வந்தால் யாரும் உன்னைக் கல்யாணச் சந்தையிலிருந்து இறக்கிவிட மாட்டார்கள். மனசு என்று சொன்னால் அடுத்த கேள்வி "எந்தப் பையன்?" அதற்கடுத்தது "குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கா?"

பவித்ராவைப் பற்றி முதல் கேள்வியை லயம் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தது. கொழும்பு, நான்கு மாதம், திடீரென்று திரும்பி வந்தாள். கணக்குப் போடுகிறவர்களுக்கு இது போதாதா.

மூன்று வாய்

என் விஷயத்துக்கு வருகிறேன். கெம்பஸில் எனக்கு மூன்று வாய் இருந்தது.

ஒன்று வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு. முதல் நாள் ஹொஸ்டலில், "நாங்க சாப்பிடப் போறோம், நீங்க வாறீங்களா?" என்று கேட்டேன். ஒருத்தி சிரித்துக்கொண்டே, "உங்கட தமிழ் இந்தியப் படத்தில வாற மாதிரி இருக்கு. இன்னொருக்காச் சொல்லுமன்" என்றாள். கெட்ட பிள்ளை இல்லை. பிறகு எனக்கு நோட்ஸ் எல்லாம் தந்தாள். ஆனால் அடுத்த நாள் காலை நான் எழும்பியதே "போறம், வாறம்" என்றுதான்.

இரண்டாவது சிங்களப் பிள்ளைகளுக்கு. "ஒயா தெமளத? ஹிதன்னவத் பே" என்பார்கள். நீ தமிழா, நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதைக் கேட்டு ஏதோ பரிசு கிடைத்த மாதிரிப் பல்லைக் காட்டுவேன்.

மூன்றாவது வீட்டுக்கு. அவிசாவளையில் பஸ் மாறும்போது மற்ற இரண்டையும் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்வேன்.

ஊர் எது என்று யார் கேட்டாலும் "அவிசாவளை". தோட்டத்தின் பெயர் என் வாயில் வராது.

இரண்டாம் வருடம் ஒரு பிரசன்டேஷன். தலைப்பை நான் தெரிவு செய்யவில்லை, குழுவுக்கு விழுந்தது: தோட்ட மக்களின் வீட்டு நிலை. எனக்கு வந்த பகுதி லயன் அறைகள். படங்கள் எல்லாம் இணையத்தில் எடுத்து ஸ்லைட் செய்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு வாசல், புகைக்கூடு இல்லாத அடுப்பு. யாரோ வேறு ஆட்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி அழகாகச் சொன்னேன்.

முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "நீங்க நேர்ல போய்ப் பார்த்திருக்கீங்களா?"

"ஒருக்கா போயிருக்கன்," என்றேன்.

நான் பிறந்த அறையை. ஒருக்கா போயிருக்கன்.

சொல்லி முடித்த நொடியில் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. கை ஐஸ். காதுக்குள் யாரோ றைஸ் மில் ஓட்டுகிற மாதிரி. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பாத்ரூமுக்கு ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்தேன். அறைத்தோழி சந்துனி கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் கதவுக்கு மேலால் ஏறிக் குதித்து வந்தாள்.

அதற்குப் பிறகு அது கிழமைக்கு இரண்டு தரம் வந்தது. லெக்சரில், பஸ்ஸில், ஒருமுறை சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது. சந்துனிதான் மெடிக்கல் சென்டருக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு கவுன்சிலர், பிறகு ஒரு டொக்டர், பிறகு விழுங்கக் குளிசை. ஆறு மாதத்தில் நான் திரும்ப ஆளானேன்.

வீட்டில் குளிசையைப் பார்த்து அம்மா கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மழை பெய்தால் கிளினிக்

இனி அந்தக் கிளினிக் நாளுக்குத் திரும்புவோம். அது ஒரு புதன்கிழமை, மழை.

மழை முக்கியம். றப்பர் தோட்டத்தில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் மழைத் தண்ணீரோடு வழிந்து போய்விடும். அதனால் எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரி, வங்கி, பாடசாலைக் கூட்டம் எல்லாவற்றையும் மழைக்குத்தான் ஒதுக்கி வைத்திருப்பார்கள். பல்வலியே வந்தாலும் முதலில் வானத்தைப் பார்ப்பார்கள்.

லெச்சுமி அத்தைக்குச் சிங்களம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சீனி, பருப்பு, பஸ் மிச்சக்காசு, கங்காணியோடு சண்டை, இதற்கெல்லாம் போதுமான சிங்களம். மனசுக்குள் நடப்பதைச் சொல்கிற சிங்களம் வேறு. அது கடையில் கிடைக்காது.

போகும்போது பஸ்ஸில் அத்தை என் காதுக்குள் சொல்லியிருந்தார். "துஷா, பைத்தியம்னு மட்டும் எழுதிறாம பாத்துக்கம்மா. ஒனக்குத்தான் பேசத் தெரியுமே. ஷேப்பா, சமாளிச்சு சொல்லு."

ஷேப்பாகச் சொன்னேன். வயிற்றுக்குக் குளிசையும், ஒரு கிழமையில் திரும்ப வரவேண்டும் என்று எழுதிய கொப்பியும் கிடைத்தன. திரும்பும் பஸ்ஸில் அத்தை கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி.

"அடுத்த கிழம வரச் சொல்லியிருக்காங்க அத்தை."

"மழ பேஞ்சா வருவோம்."

பவித்ரா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். கண் திறந்திருந்தது.

பீலியில்

அன்று பின்னேரம் மழை விட்டது. நான் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். மலையிலிருந்து வருகிற தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் அது. லயமே அங்கேதான் குளிக்கும், துவைக்கும், ஆளை அரைத்துத் துவைக்கும். அன்றைக்கு ஆளில்லை. பவித்ரா மட்டும் குடத்தோடு நின்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் பீலிக்கு வந்ததே அன்றுதான்.

"அக்கா."

"ம்."

"மிஸ்கிட்ட நீங்க அத சொல்லல."

"எத?"

"தெரியாத மாரி கேக்காதீங்க. நாலு மாசமா சிங்கள ஆளுங்களுக்குத்தான் சாரி விரிச்சுக் காட்டினேன். கேட்டா எல்லாம் வெளங்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிஸ் கேட்டதை நான் தமிழில் சொல்லவே இல்லை. அதற்கு முன்பே அவள் பதில் சொல்லியிருந்தாள். நான் சொன்னதையும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

எனக்குத் தற்காப்பு என்று வந்தால் வாய் முதலில் ஓடும். "அப்ப நீயே சொல்லியிருக்கலாமே," என்றேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

"கேக்கிற சிங்களம் இருக்குக்கா. சொல்ற சிங்களம் இல்ல. அதுக்குத்தானே ஒங்கள கூட்டிட்டுப் போனது."

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"பரவால்லக்கா," என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்க. அம்மா பக்கத்துல இருந்துச்சு. ஒருக்கா சொல்லிப் பாத்தேன். இனி யாருகிட்டயும் சொல்லல."

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். திட்டுக்கு என்னிடம் எப்போதும் ஸ்டொக் இருக்கிறது. அந்த "பரவால்ல"தான் என்னைப் பயப்படுத்தியது. கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டு போகிறவள் பேசுகிற மாதிரி இருந்தது.

"நாளைக்கே போறோம்," என்றேன்.

"அம்மா விடாது."

"அத நான் பாத்துக்கிறேன்."

அன்று இரவு, பரீட்சைக்குப் படிக்க வேண்டும், எங்கள் வீட்டில் தங்கச்சி ரீல்ஸ் போட்டு உயிரை எடுக்கிறாள் என்று சொல்லி, பாயைத் தூக்கிக்கொண்டு போய் பவித்ரா பக்கத்தில் போட்டேன். அதுவும் பொய்தான். ஆனால் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

வெயில் அடித்த காலை

விடியும்போது வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. லெச்சுமி அத்தை தலைக்குத் துணி கட்டி, இடுப்பில் வெட்டுக்கத்தியைச் செருகி, வாளியைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் வாசலில் நின்றுகொண்டேன். வாசல் ஒன்றுதான். லயன் அறையில் அது ஒரு நன்மை.

"அத்தை, இன்னைக்கு வேலைக்குப் போக வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நேத்துதானே போனோம். குளிச தந்திருக்கு."

"அது வயித்துக்கு."

"வயிறு சரியானா எல்லாம் சரியாகும். வழிய விடு. மரமெல்லாம் காஞ்சு கெடக்கு, இப்ப போனாத்தான் பால் எறங்கும்."

"நேத்து அவ சொன்னத நீங்களும்தானே கேட்டீங்க."

அத்தை வாளியைக் கீழே வைக்கவில்லை. "புள்ளைங்க ஆயிரம் சொல்லும். நாங்கூட சொல்லியிருக்கேன், இவ அப்பன் குடிச்சிட்டு வந்த நாளையில. செத்தா போயிட்டேன்? மறுநா பெரட்டுக்குப் போயி நின்னேன்."

காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அந்த மறுநாள் அத்தை எப்படி நின்றிருப்பார் என்று ஒரு கணம் எனக்குத் தெரிந்தது. ஆனால் அன்று எனக்கு அதற்கு நேரமில்லை.

"நீங்க சொன்னப்ப யாராச்சும் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்தானே அத்தை."

அத்தை வாளியை மற்றக் கைக்கு மாற்றினார்.

நான் பையிலிருந்து என் குளிசை அட்டையை எடுத்துக் காட்டினேன். "இது என்னான்னு தெரியுமா?"

"ஒன் கெஸ்ட்ரைட்டிஸ் குளிச."

"இல்ல. எனக்கும் மனசு சொகமில்லாம போச்சு. நெஞ்சு அடிக்கும், மூச்சு வராது, செத்துருவேன்னு இருக்கும். ரெண்டு வருசமா குடிக்கிறேன். கெம்பஸ்ல டொக்டர் தந்தது."

"ஒனக்கா?" அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வாய வச்சிக்கிட்டா?"

"இந்த வாய வச்சிக்கிட்டுத்தான்."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

லயத்தின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ குறைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தமும் நின்றது.

"இப்பத் தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. குரல் உடைந்தது. "எழுதிட்டா அப்புறம் இவள யாரு கட்டுவா துஷா?"

"உசுரோட இருந்தாத்தான் அத்தை கட்டுறதும் கட்டாததும்."

இவ்வளவு நேரமும் பவித்ரா பாயில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் பக்கம் திரும்பினார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை உருவிக் கூரை இடுக்கில் செருகினார்.

"இன்னைக்குப் பேரு போனா போகட்டும். எந்திரி. மூஞ்சக் கழுவு."

வெயில் அடிக்கிற நாளில் ஒரு பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது என் நினைவில் அதுதான் முதல்முறை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது என் அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தார். செய்தி நான்கு வீடு கடந்து வர பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. கையில் பேப்பரில் சுற்றிய ரொட்டி. என் கையில் திணித்துவிட்டு, "ரெண்டு வருசமா எனக்கு இஞ்சித் தண்ணி அவிக்க வச்சியேடி. போயிட்டு வா. வந்து பேசிக்கிறேன்" என்றார். பேசினோம். அது வேறொரு வாரம்.

நான் என்று சொல்

வியாழக்கிழமை கிளினிக் இல்லை. மிஸ் வார்டில் இருந்தார். காத்திருந்து, வெளியே வந்தவரை வழியில் பிடித்தேன்.

"மிஸ், நேற்று நான் பொய் சொன்னேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "எனக்கும் அப்படித்தான் பட்டது," என்றார். "அவ நீளமாச் சொன்னா, நீங்க பொருத்தமே இல்லாத ஒன்று சொன்னீங்க. அதனால்தான் ஒரு கிழமையில வரச் சொன்னேன். நேற்றே இன்னொரு ஆளைத் தேடியிருக்கணும். வாங்க."

உள்ளே போனதும் பவித்ராவிடம் கேட்டார், அம்மா இருக்கட்டுமா, வெளியே நிற்கட்டுமா என்று. பவித்ரா வாசலைப் பார்த்தாள். அத்தை எழுந்து போனார்.

பிறகு மிஸ் என் பக்கம் திரும்பினார். "அவ 'நான்' என்று சொன்னா நீங்களும் 'நான்' என்றே சொல்லணும். 'அவள் சொல்கிறாள்' என்று வேண்டாம். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முடியுமா?"

முடியும் என்றேன். எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல்.

பவித்ரா தொடங்கினாள். "கடையில யாரும் என்ன பேர் சொல்லிக் கூப்பிடல. தோட்டம்னுதான் கூப்பிட்டாங்க. தோட்டம், அந்த ரோல எடு. தோட்டம், டீ ஊத்து. மொதல்ல நானும் சிரிச்சேன். எல்லாரும் தமிழ் ஆளுங்கதான்க்கா. ஒரு நா ஒரு கஸ்டமர் ஒங்க பேர் என்னான்னு கேட்டாங்க. எனக்கு டக்குனு வரல. என் பேரு எனக்கே வரல."

நான் சிங்களத்தில் சொன்னேன். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என்னைத் தோட்டம் என்று கூப்பிட்டார்கள். என் பெயர் எனக்கே வரவில்லை.

அவள் அடுத்ததைச் சொன்னாள். அடுத்ததை. கடைசியில் நேற்று நான் விழுங்கிய வாக்கியத்துக்கு வந்தாள். அதே சொற்களில் இல்லை, ஆனால் அதுதான். நான் "மம" என்று ஆரம்பித்தேன். நான். அதற்கு மேல் வரவில்லை. ஒருக்கா போயிருக்கன் என்று சொன்ன வாய் அது. யாருடைய நான் இது என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பவித்ரா என் கையைத் தட்டினாள். "அக்கா, மெதுவா சொல்லுங்க. நீங்க அழுதுகிட்டே சொன்னா மிஸ்ஸுக்கு வெளங்காது."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். முழுதாக. கூட்டாமல், குறைக்காமல்.

மிஸ் எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிறைய எழுதினார். அத்தையை உள்ளே கூப்பிட்டு, மருந்து எப்படி, எதைக் கவனிக்க வேண்டும், தனியாக விடக்கூடாது, புதன்கிழமை கட்டாயம் வரவேண்டும், அதற்குள் நோய் கூடினால் எந்த நேரமானாலும் இங்கே கொண்டு வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

அத்தை ஒன்றே ஒன்று கேட்டார். "இது பைத்தியமா, கேளு."

கேட்டேன். அப்படியே, அந்தச் சொல்லோடு.

"நோய் அம்மா," என்றார் மிஸ். "மருந்து இருக்கு. நாட்கள் எடுக்கும். நீங்க இன்றைக்கு வந்தது நல்லது."

கடையில் கிடைக்காத சொற்கள்

திரும்பும் வழியில் பவித்ரா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அடுத்த புதன் நீங்க உள்ள வர வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்தவளுக்கு இதுதானா என்று ஒரு அற்பத்தனம். "ஏன், நான் சரியா சொல்லலையா?"

"நல்லா சொன்னீங்க. ஆனா ஒங்ககிட்டயும் சொல்ல முடியாதது இருக்கு."

ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன்.

அந்தக் கிழமை முழுக்க அவள் ஒரு பழைய கொப்பியோடு வந்து நின்றாள். "பாரமா இருக்குன்னா எப்பிடி?" "பரய்." "வெக்கம்?" "லஜ்ஜாவ." "உள்ள ஒண்ணுமே இல்லாத மாரி, ஆளில்லாத வீடு மாரி இருந்தா?"

அது எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மாதிரி ஓடும் சிங்களம் அங்கே வற்றிவிட்டது. இரண்டு வருடமும் நானே அதை யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சந்துனிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். குரல் பதிவு வந்தது: "ஹித பாளுய் என்று சொல்வோம். யாருக்கு? உனக்கா?"

"இரண்டு பேருக்கும்," என்று அனுப்பினேன். கூடவே என் தோட்டத்தின் பெயரையும் அனுப்பினேன். "லீவுக்கு வா" என்று. அவள் மூன்று வருடமாக நான் அவிசாவளை டவுன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

பீலியில் ஒரு சித்தி எல்லாருக்கும் கேட்க, "என்ன துஷா, தலைக்கு மருந்து குடிக்கிறியாம்?" என்றார்.

"ஆமா சித்தி. புதன்கிழம கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்களேன்."

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் பீலியில் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட, நான் முதல் ஆளாகத் தண்ணீர் எடுத்தேன்.

கதவு

புதன்கிழமை. நானும் லெச்சுமி அத்தையும் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பவித்ரா கொப்பியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அத்தை முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டார்.

"என்ன சொல்லுவா?"

"தெரியல அத்தை."

"அப்புறம் அவகிட்டக் கேட்டுச் சொல்லு."

"கேக்க மாட்டேன். நீங்களும் கேக்காதீங்க."

"பெத்தவடி நான்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. எழும்பப் போன அத்தையை நான் முழங்காலில் கை வைத்து உட்கார வைத்தேன். எனக்கும் ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஒரு சொல் அகப்படாமல் திணறுகிறாளோ, நான் இருந்தால் எடுத்துக் கொடுப்பேனே என்று வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அந்த வாயை மூடிக்கொண்டிருந்ததும் ஒன்று.

அரை மணித்தியாலம் இருக்கும். கதவு திறந்தது. பவித்ரா. மூக்கு சிவந்து, கண் வீங்கி, முகம் முழுக்க ஈரம்.

அத்தை எழுந்தார். "முடிஞ்சிதா? போவமா?"

"இன்னும் இல்லம்மா," என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "தண்ணி குடிச்சிட்டு வாறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

என் கையிலிருந்த போத்தலை வாங்கி நின்றபடியே பாதி குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். போத்தலைத் திருப்பித் தந்தாள். உள்ளே போய், கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.